கடைசிப் பக்கத்தின் கீழ் ஒரு தேதி

அந்த ஆய்விதழில் ருமெனா படித்ததெல்லாம் கடைசிப் பக்கம் ஒன்றைத்தான். அதற்கு முன்னால் நூற்று நாற்பது பக்கம் இருக்கும். குடும்ப அமைப்பு, கிராமத்திலிருந்து ஆலைக்கு வந்தவர்கள், இளைஞர்களின் ஓய்வு நேரம் என்று கட்டுரைகள் போகும்; நடுநடுவே அட்டவணைகள் வரும். எட்டாம் வகுப்போடு பஞ்சாலைக்குப் போனவளுக்கு அதெல்லாம் எட்டாத உயரம். கடைசிப் பக்கத்தை மட்டும் எழுத்து விடாமல் படிப்பாள். அச்சுக் கோக்கக் கொடுத்த நாள், அச்சுக்குக் கையெழுத்தான நாள், தாளின் அளவு, எத்தனை படிகள் என்று பொடி எழுத்தில் வரிசையாக இருக்கும். அந்த வரிசைக்கு நடுவில் ஒரு வரி: ‘தொழில்நுட்பப் பதிப்பாசிரியர் நெ. புனோவா.’

நெ. என்றால் நெதா. ருமெனாவுக்கு ஆறு வயது இளைய தங்கை. தலைநகர் சோஃபியாவில், சமூக ஆய்வு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் சரியாக மூடாத ஓர் அறையில் 1977ஆம் ஆண்டிலிருந்து உட்கார்ந்திருந்தவள். பேராசிரியர்கள் வந்தார்கள், போனார்கள், செத்தார்கள். இதழின் பெயர்கூட ஒருமுறை மாறியது. அந்த ஒரு வரி மட்டும் மாறவில்லை.

அக்கம்பக்கத்து வீடுகளில் கண்ணாடி அலமாரிக்குள் படிகக் கோப்பைகளை வைத்திருப்பார்கள். ருமெனாவின் வீட்டு அலமாரியில் இதழ்கள் நின்றன. ஆறாம் மாடிக்கு யார் வந்தாலும், மின்சார மீட்டர் பார்க்க வந்தவரானாலும், அவள் ஒரு இதழை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டுவாள்.

“இது என் தங்கச்சி.”

“இவங்கதான் எழுதினதா?”

“எழுதறவன் ஆயிரம் பேர் இருப்பான். இவ கை படாம ஒரு எழுத்து அச்சுக்குப் போகாது.”

ஆலையில் ருமெனாவுக்குத் துணி பார்க்கும் வேலை. கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடும். அறுந்த இழையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் சுண்ணக்கட்டியால் குறி போட வேண்டும். ஒவ்வொரு சுருளோடும் ஒரு சீட்டு வரும். அதில் தறிக்கூடத்தார் போட்ட தேதி இருக்கும். மாதக் கடைசியில் உற்பத்தித் திட்டத்தை நிறைவேற்றியதாகக் காட்ட, இன்னும் நெய்யாத துணிக்கும் அவர்கள் தேதி போட்டுவிடுவார்கள். இது ஆலை முழுக்கத் தெரிந்த கதை. ருமெனா அதைப் பற்றி யாரிடமும் புகார் சொன்னதில்லை. அந்தத் தேதிக்குக் கீழே, சுருள் தன் கைக்கு வந்த தேதியைப் பென்சிலால் எழுதி வைப்பாள்.

“தறிக்காரன் எந்தத் தேதிய வேணா போட்டுக்கட்டும். எங்கைக்கு எப்ப வந்துச்சுங்கறதுதான் எனக்குத் தெரியும். அதத்தான் எழுதுவேன்” என்பாள்.

நெதா தன் பெயர் அச்சான முதல் இதழை எடுத்துக்கொண்டு நேராக அச்சகத்திலிருந்து ஓடிவந்தாள். மை காயவில்லை. பக்கத்தைப் புரட்டிய ருமெனாவின் கட்டைவிரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அன்று மாலை நெதா போன பிறகு ருமெனா ஆலைப் பென்சிலை எடுத்து, கடைசிப் பக்கத்தின் அடியில், தையலை ஒட்டினாற்போல், கடுகளவு எழுத்தில் எழுதினாள்: 4.4.77. கைக்கு வந்த தேதி. பிறகு அதற்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டாள். அதன்பின் வந்த ஒவ்வொரு இதழுக்கும் அதே பென்சில், அதே இடம், அதே அட்டை. நெதாவுக்கு இது தெரியாது. மெய்ப்பிலேயே ஏழு தடவை பார்த்த பக்கத்தை அக்கா வீட்டில் வந்து திறந்து பார்க்க அவளுக்கு என்ன தலையெழுத்து?

நெதா எப்படிப்பட்டவள் என்பதற்கு ருமெனா அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு பெரிய பேராசிரியரின் அட்டவணையில் விழுக்காடுகளைக் கூட்டினால் நூற்று மூன்று வந்தது. நெதா அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

“அது முழு எண்ணா மாத்தினதால வர்றது, நெதா. பெரிசு பண்ணாதே.”

“மாத்தினா ஒண்ணு வரும், ரெண்டு வரும். இந்த மூணு பேரு எங்கேர்ந்து வந்தாங்க, புரொபசர்?”

மூன்று நாள் கழித்து அவர் வேறு அட்டவணை கொடுத்தார். அதில் சரியாக நூறு வந்தது. நெதா வீட்டுக்கு வந்து சிரித்தாள். “இப்ப எல்லாமே பொய்யின்னு தோணுது அக்கா. முன்னாடி மூணு பேருதான் பொய்யி.”

எண்பத்தொன்பது நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தபோது நான்காம் இதழ் அச்சில் இருந்தது. அந்தக் காலத்தில் எந்தக் கட்டுரையும் கட்சி மாநாட்டுத் தீர்மானத்தை மேற்கோள் காட்டாமல் தொடங்காது. முதல் அடிக்குறிப்பு எப்போதும் அதற்குத்தான். ஒரே வாரத்தில் பதினோரு ஆசிரியர்கள் நெதாவுக்குப் போன் செய்தார்கள். எல்லாருக்கும் ஒரே கோரிக்கை: முதல் அடிக்குறிப்பைத் தூக்கிவிடு. தூக்கினால் இரண்டு ஒன்றாகும், மூன்று இரண்டாகும், எல்லாவற்றையும் திரும்ப எண்ண வேண்டும். நெதா எண்ணினாள். ருமெனா அந்த இதழின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தபோது, அச்சுக்குக் கையெழுத்தான நாள் டிசம்பர் 28 என்றிருந்தது. அவள் கைக்கு வந்தது ஜனவரி 11. அதுவரை இரண்டு தேதிகளுக்கும் இடையே இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி வந்ததே இல்லை.

அப்புறம்தான் கெட்ட காலம். தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கடைசியில் ரொட்டியின் விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. தாளை நீங்களே கொண்டுவந்தால்தான் அடிப்போம் என்றது அச்சகம். அந்த ஆண்டின் நான்காம் இதழ் அடுத்த செப்டம்பரில்தான் வெளிவந்தது. நிறுவனத்துக்கு அரசு கொடுக்கும் மானியமோ, ஆண்டுக்கு நான்கு இதழ் அந்தந்த ஆண்டிலேயே வந்தால்தான். இயக்குநர் கராஸ்தானெவ் நெதாவின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“நவம்பர்னே போட்டுடு நெதா. நாம யாரையும் ஏமாத்தல. காலண்டர்தான் நம்மள ஏமாத்திட்டு ஓடிடுச்சு.”

“எழுத்துல குடுங்க புரொபசர், போடறேன்.”

“எழுத்துல குடுத்தா அதுக்கும் ஒரு தேதி போடணுமே!” என்று அவர் சிரித்தார்.

நெதா நவம்பர் என்றே போட்டாள். இந்தப் பேச்சு ருமெனாவுக்குத் தெரியவந்தது பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதான். அன்று அவள் கண்டது பக்கத்தை மட்டும்: அச்சில் 19.11.96; தான் எழுதியது 15.9.97. ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“ஏண்டி, கையெழுத்தாகி பத்து மாசமா அச்சகத்துல என்ன பண்றாங்க?”

“வரிசைக்கா. எல்லாரும் வரிசையில நிக்கறாங்க. ரொட்டிக்கு நிக்கலையா?”

சொன்ன விதம் சுருக்கென்று இருந்தது. ருமெனா அதற்குமேல் கேட்கவில்லை. அச்சிட்ட தேதி தறிக்காரன் தேதி. அது அவர்கள் பாடு. தன் பாடு பென்சில்.

ஒரு தடவை பின்தங்கிய இதழ் அப்புறம் முன்னே வரவே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏழு மாதம், எட்டு மாதம் பின்னால் ஓடியது. கட்டுரை கொடுக்க ஆளில்லை. எழுதக்கூடியவர்கள் ஜெர்மனிக்குப் போனார்கள், இல்லையென்றால் விளம்பரக் கம்பெனிகளுக்குக் கருத்துக்கணிப்பு எடுக்கப் போனார்கள். கையெழுத்துத் தேதிகள் மட்டும் மார்ச், ஜூன், செப்டம்பர், நவம்பர் என்று கடிகாரம் போல வந்தன. நிறுவனத்தின் அடித்தளத்தில் வெந்நீர்க் குழாய் வெடித்துப் பழைய இதழ்கள் ஊறிப்போயின, எடைக்குப் போட்டார்கள். புதிதாக வந்தவற்றையும் அங்கே யாரும் ஒழுங்காக எடுத்து வைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தன் பட்டியலில் இதழைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வந்தால்தான் ஆராய்ச்சியாளருக்குப் புள்ளி. புள்ளி இருந்தால்தான் பதவி உயர்வு. எல்லாருடைய புள்ளியையும் கூட்டித்தான் நிறுவனத்துக்கு மானியம். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: இதழ் உரிய காலத்தில் வெளிவருகிறதா? நெதா ‘ஆம்’ என்று எழுதி, பன்னிரண்டு இதழ்களின் கடைசிப் பக்கங்களைச் சான்றாக இணைத்தாள். அதுவரை அவள் பெயரைக்கூடக் கேட்காத ஆட்கள் சாக்லேட் பெட்டியோடு அந்த ஜன்னல் மூடாத அறைக்கு வந்தார்கள். பெட்டிகளை நெதா அப்படியே அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். ருமெனா காலிப் பெட்டிகளைக்கூட எறியவில்லை.

இரண்டாயிரத்துப் பத்து அக்டோபரில் மதிப்பீட்டுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. பாதி நிறுவனங்களை மூடவோ இணைக்கவோ போகிறார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. குழு பத்தாண்டு இதழ்களை, 2000 முதல் 2009 வரை, ஒன்று விடாமல் மேசைமேல் பார்க்க வேண்டும் என்றது. நிறுவனத்தில் பதினேழுதான் இருந்தன.

நெதா ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தாள். பீன்ஸ் சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்கிட்ட முழுசா இருக்குல்லக்கா?”

“நூத்து இருபத்தாறு. அதுல ஆறு, ரெண்டு எண் சேந்த ரெட்டை இதழ். ஒண்ணும் கொறையாது.”

“பட்டியல்லேர்ந்து தூக்கிட்டாங்கன்னா இதழ் போச்சு. இதழ் போச்சுன்னா எங்கள இணைச்சிடுவாங்க. இணைச்சா மொதல்ல அனுப்பறது என்னை மாதிரி ஆளத்தான். பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு.”

“பத்து வருஷத்துக்கு முப்பத்தெட்டு புஸ்தகம். நானே கொண்டாரேன்.”

“வேணாம், நான் வந்து எடுத்துக்கறேன்.”

“நீ வந்து சாக்குப்பையில போட்டு இழுத்துட்டுப் போவே. மூலை மடங்கும். நானே கொண்டாரேன்னா கொண்டாரேன்.”

நெதா சூப்பில் கரண்டியை ஒருமுறை சுழற்றினாள். “சரி. செவ்வாய்க்கெழம காலைல பத்துக்கு. குடுத்துட்டுக் கெளம்பிடு, என்ன?”

ருமெனா அந்த இரண்டு நாளும் பழைய அட்டைகளைக் கழற்றிவிட்டு எல்லாவற்றுக்கும் புது அட்டை போட்டாள். முதுகில் ஆண்டும் எண்ணும் எழுதினாள். செவ்வாயன்று நல்ல கோட்டு, அதன்மேல் குத்திய அம்மாவின் வெள்ளி ஊசி, இரண்டு சக்கரப் பைகள். டிராமில் பைகளைக் காலுக்கு இடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கட்டடத்துக்குள் அவள் அதற்கு முன் போனதே இல்லை. வாசலோடு நின்று தங்கையிடம் ஊறுகாய்ப் புட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள்தான்.

குழு ஒன்பதரைக்கே வந்துவிட்டிருந்தது. நெதா காபி போடப் போயிருந்தாள். நீள மேசையின் ஓரத்தில் குழுவைச் சேர்ந்த டாக்டர் சிமோவா என்ற பெண்மணி மட்டும் தனியாக உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், நல்ல முகம். இரண்டு பைகளையும் இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்ற கிழவியைப் பார்த்து எழுந்து நாற்காலி போட்டாள்.

“உக்காருங்கம்மா. நீங்க நூலகத்துலேர்ந்தா?”

“நான் நெதாவோட அக்கா. நெ. புனோவா. கடைசிப் பக்கத்துல இருக்கும், பாருங்க.”

ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினாள். சிமோவா முதல் இதழைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“அடேயப்பா! தேசிய நூலகத்துலகூட இவ்வளவு சுத்தமா இல்ல. எங்க தேடியும் கெடைக்கல எங்களுக்கு. நீங்க இதெல்லாம் படிப்பீங்களா?”

“எனக்கு எதுங்க அவ்வளவு படிப்பு? கடைசிப் பக்கம் படிப்பேன்.”

சிமோவா சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள்.

“இங்க பென்சில்ல ஏதோ எழுதியிருக்கே. என்ன தேதிம்மா இது?”

இந்தக் கேள்வியை முப்பத்துமூன்று ஆண்டுகளில் யாரும் கேட்டதில்லை. ருமெனாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“எங்கைக்கு வந்த தேதிங்க. நான் ஆலையில துணி பாத்தவ. அங்க பழகின பழக்கம். வந்த அன்னிக்கே எழுதிடுவேன். எதுல வேணா பாருங்க, இருக்கும்.”

சிமோவா இன்னொன்றை எடுத்தாள். இன்னொன்று. தன் நோட்டில் இரண்டு பத்தி கிழித்து எழுதத் தொடங்கினாள். 2003, நான்கு: அச்சில் நவம்பர் 18, பென்சிலில் அடுத்த ஆண்டு ஜூலை 9. அப்போதுதான் நெதா காபித் தட்டோடு உள்ளே வந்தாள். மேசையையும் அக்காவையும் திறந்து கிடந்த கடைசிப் பக்கங்களையும் பார்த்தாள். தட்டை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

“மிசஸ் புனோவா, உங்க அக்கா ஒரு தேதி எழுதி வச்சிருக்காங்க” என்றாள் சிமோவா. “அச்சுத் தேதிக்கும் இதுக்கும் எட்டு மாசம் வித்தியாசம் வருது. எல்லாத்துலயும்.”

நெதா சிரித்தாள். ருமெனா தங்கையை நாற்பது வகையாகச் சிரிக்கக் கண்டிருக்கிறாள். இது அதில் சேராத சிரிப்பு.

“அது ஒண்ணுமில்ல மேடம். அக்காவுக்கு நான் எப்ப நேரம் கெடைக்குதோ அப்பதான் கொண்டு போய்க் குடுப்பேன். எனக்கு மறதி ஜாஸ்தி. சில சமயம் வருஷம்கூட ஆயிடும்.”

சிமோவாவின் பேனா நின்றது. அந்த நிமிடம் ருமெனா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வெளியாள் முன்னால் தங்கை தன்னைத்தானே பொறுப்பில்லாதவள் என்கிறாளே! மழையிலும் பனியிலும் அச்சகத்திலிருந்து நேராக ஆறு மாடி ஏறி வந்த பெண்ணாயிற்றே.

“என்னடி பேசற நீ? ஒரு தடவையாவது மறுநாள்னு வச்சிருக்கியா?” என்று பாய்ந்தாள். பிறகு சிமோவா பக்கம் திரும்பினாள். “நம்பாதீங்க டாக்டரம்மா. அடக்கமா சொல்றா. அச்சகத்துலேர்ந்து நேரா எங்கிட்டதான் வருவா. மை காஞ்சிருக்காது. வெரல்ல ஒட்டும்ங்க. ஒவ்வொரு தடவையும் ஒட்டும்.” கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

சிமோவா குனிந்து எழுதிக்கொண்டாள். எழுதும்போது அவள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை என்பதையும் ருமெனா பார்த்தாள். பார்த்த பிறகுதான் தங்கையின் முகத்தைப் பார்க்கத் தோன்றியது.

டிராமில் நெதா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். காலிப் பைகள் இரண்டும் மடியில். நான்கு நிறுத்தம் போயிற்று. பிறகு வெளியே பார்த்தபடியே கராஸ்தானெவ் கதவைச் சாத்திய கதையைச் சொன்னாள். எழுத்தில் கேட்டதையும் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. மெய்ப்பு படிப்பது போலச் சொன்னாள்.

“முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா நெதா?”

“என்னன்னு சொல்வேன்? நீ வர்றவன் போறவன் கிட்டயெல்லாம் காட்டற பக்கத்துல பொய் எழுதறேன்னா?”

ருமெனா தங்கையின் மடியிலிருந்த பைகளில் ஒன்றைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

“ஒரே ஒரு தடவ, அக்கா. ஒரே ஒரு தடவ என்னைப் பொறுப்பில்லாதவன்னு விட்டிருக்கலாம்” என்றாள் நெதா.

நவம்பரில் அறிக்கை வந்தது. இதழின் தேதிகள் பத்தாண்டுகளாக உண்மைக்கு மாறானவை, பட்டியலுக்குத் தெரிவிக்கப்படும். சான்று, அடிக்குறிப்பு ஏழில்: ‘தேசிய நூலகத்தின் முத்திரைத் தேதிகளும் தாமதத்தைக் காட்டுகின்றன, ஆனால் அங்கே எல்லாமே தாமதமாக முத்திரையிடப்படுவதால் அதை மட்டும் கொண்டு முடிவெடுக்க இயலவில்லை. ஒரு தனி வாசகரின் முறையான கைக்குறிப்புகள் ஐயத்தைத் தீர்த்தன.’

நெதா அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினாள். “உன் பேரு போடல. ‘ஒரு தனி வாசகர்’. எந்த இதழ், எந்தப் பக்கம்னுகூடப் போடல. இப்படிக் குடுத்தா நான் திருப்பி அனுப்பியிருப்பேன்” என்றாள். வழக்கமாக அக்கா சிரிக்கும் இடம் அது.

தேதி விவகாரம் தன் கவனத்துக்கு வரவே இல்லை என்று கராஸ்தானெவ் எழுதிக் கொடுத்தார். கடைசிப் பக்கத்துக்குப் பொறுப்பு தொழில்நுட்பப் பதிப்பாசிரியர்; அவர் பெயர் அந்தப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. இந்தத் தடவை எழுத்தில்தான் கொடுத்தார், தேதியோடு. பட்டியல் இதழைக் கைவிட்டது. நிறுவனம் வேறொன்றோடு இணைந்தது. நெதாவுக்கு ஒரு மாத நோட்டீஸ்.

ருமெனா தங்கையிடம் சொல்லாமல் மறுபடியும் அந்தக் கட்டடத்துக்குப் போனாள். வெள்ளி ஊசி குத்திக்கொள்ளவில்லை. கராஸ்தானெவ் அவளை உட்காரச் சொன்னார்.

“நான் எழுதினதெல்லாம் பொய்னு எழுதித் தரேங்க. வயசாயிடுச்சு, தேதி கொழம்பிடுச்சு, சும்மா தோணினத எழுதி வச்சேன்னு கையெழுத்துப் போடறேன். நோட்டரி கிட்ட வேணாலும் வரேன்.”

சுண்ணக்கட்டி பிடித்த இருபத்தொன்பது வருடத்தில் ஒரு குறியைக்கூட மாற்றிப் போடாதவள் அதைச் சொன்னாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இரக்கம்கூட இருந்திருக்கலாம். “முப்பத்தெட்டு தேதிம்மா. ஒரே கையெழுத்து, ஒரே பென்சில், ஒரே எடம். வரிசைகூட மாறல. பொய்யின்னா யார் நம்புவாங்க?” மேசைமேலிருந்த தாள்களைத் தட்டி அடுக்கினார். “எங்க ஆளுங்க ஒருத்தர்கூட இவ்வளவு சுத்தமா ஒரு தரவு சேகரிச்சதில்ல.”

“அந்தப் புஸ்தகங்களாவது…”

“அது சான்று. ஃபைல்ல இருக்கு.”

மூன்று தடவை கேட்டுப் போனாள். மூன்றாம் தடவை, முப்பத்தெட்டு இதழ் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திய ரசீது ஒன்றைக் கொடுத்தார்கள். இதழ்களைக் கொடுக்கவில்லை.

ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட கட்டுரைகளுக்காக, அந்த ஆண்டின் நான்கு எண்களையும் சேர்த்து ஒரே இதழாகக் கொண்டுவந்து கணக்கை முடித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. நோட்டீஸ் மாதம் முழுவதும் நெதா அதில் கிடந்தாள். கணப்பு நிறுத்தப்பட்ட அறையில் கோட்டோடு உட்கார்ந்து அடிக்குறிப்புகளை எண்ணினாள். டிசம்பர் 22 மாலை ஆறு மாடியும் ஏறி வந்தாள். லிஃப்ட் அந்த வாரம் வேலை செய்யவில்லை.

ருமெனா கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். கோக்கக் கொடுத்த நாள் 29.11.2010. கையெழுத்தான நாள் 17.12.2010. பதினான்கு ஆண்டுகளில் முதல் தடவையாக இரண்டும் உண்மை. அவள் கண் இன்னும் கீழே இறங்கியது. தாளின் அளவு. மொழித் திருத்தம். படிகள் 150. திரும்ப மேலே போய் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள்.

“உன் பேரு எங்கடி?”

“எடுக்கச் சொல்லிட்டாங்க. கடைசி இதழுக்காவது நல்ல பேரு கெடைக்கட்டும்னு.”

“நீ எடுத்தியா?”

“பின்ன யாரு எடுப்பா? மெய்ப்பு பாத்தது நான்தானே.” கோட்டைக் கழற்றாமல் அடுப்புப் பக்கம் போய்க் கைகளைக் காட்டினாள். “வரி எடுத்தா எடம் விடும்ல. அதான் கீழ இருக்கறத மேல தள்ளிட்டேன். ஓட்டை தெரியாது.”

ஓட்டை தெரியவில்லைதான். சுத்தமான வேலை.

ருமெனா மேசை இழுப்பறையிலிருந்து பென்சிலை எடுத்தாள். தாளுக்கு அருகில் கொண்டுபோய் அப்படியே நிறுத்தினாள்.

“எழுது” என்றாள் நெதா, திரும்பாமலே.

“வேணாம்.”

“எழுதுக்கா. இப்ப எழுதறதுல யாருக்கும் நஷ்டம் இல்ல.”

எழுதினாள்: 22.12.10. எழுத்து கோணிப்போயிற்று. கட்டைவிரலில் மை ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்து, ஏப்ரனில் அழுத்தித் துடைத்தாள்.

ஜனவரி ஒன்பதாம் தேதி நெதா பாரி என்ற வெளிநாட்டு நகரத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு நோட்டரியின் விதவையைக் கழுவித் துடைத்து, மருந்து கொடுக்க ஆள் வேண்டுமாம். பஸ் நிலையத்தில் அவளைப் போலவே ஐம்பதைத் தாண்டிய பெண்கள் முப்பது பேர் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி கணித ஆசிரியையாக இருந்தவள். இன்னொருத்தி நெதாவின் இதழில் இரண்டு கட்டுரை எழுதியவள். நெதா அவளை அடையாளம் கண்டுகொண்டு அக்காவுக்கு மெல்லக் காட்டினாள். “தொண்ணூத்தி நாலுல, பெண்களும் இடப்பெயர்வும். அடிக்குறிப்பு ஒண்ணுகூட சரியா போடல” என்றாள். பிறகு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ருமெனா வீட்டுக்கு வந்து கடைசி இதழுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு அலமாரியில் வைத்தாள். 1977 முதல் 1999 வரை நெருக்கமாக நின்றன. அதற்கப்புறம் ஒரு முழம் காலி. காலியின் அந்தக் கரையில் தனியாக நிற்க வைத்த இதழ் சாய்ந்து விழுந்தது. எடுத்து நிறுத்தினாள், மறுபடியும் விழுந்தது. சமையலறைக்குப் போய்க் கத்தரி ஊறுகாய்ப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து அதற்கு முட்டுக்கொடுத்தாள்.

மார்ச் மாதம் மீட்டர் பார்க்க வந்தவர் கண்ணாடிக்குள் ஊறுகாய்ப் புட்டியைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, தங்கச்சியக் காணோம்?” என்றார்.

“எழுதிக்கங்க, நாலாயிரத்து எழுநூத்தி பன்னெண்டு” என்று மீட்டர் அளவைச் சொன்னாள் ருமெனா. அவர் வருவதற்கு முன்பே பார்த்துக் குறித்து வைத்திருந்தாள்.